குளிர்காலத்துக்கு முன் படகு: கிளம்புவதா, கட்டிவைப்பதா?

சிறிய பாய்மரப் படகோ மோட்டார் படகோ வாங்கி, உறைபனி விழும் பகுதியில் முதல் குளிர்காலத்தைச் சந்திக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. படகைக் கரையேற்றியோ துறையில் கட்டியோ வசந்தம் வரை மூடிவைக்கலாம். இல்லாவிட்டால் குளிர் முற்றுவதற்குள் வெப்பமான கடலுக்குக் கொண்டுபோய்விடலாம். இரண்டுமே நல்ல வழிகள்தான். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வதுதான் ஆபத்து. 'அடுத்த வாரம் காற்று அடங்கும், அப்போது போகலாம்' என்று நாளைத் தள்ளிக்கொண்டே போகிற படகில், எஞ்சினிலும் குழாய்களிலும் தண்ணீர் அப்படியே நிற்கிறது. வெப்பநிலை திடீரென்று இறங்கும் ஓர் இரவு போதும், வசந்தத்தில் எஞ்சினையே மாற்ற வேண்டி வரும். அதனால் படகைத் தயார் செய்வதையும் பயணத் திட்டத்தையும் தனித்தனி வேலைகளாகப் பார்க்காதீர்கள். ஒன்றின் தேதிதான் மற்றதன் தேதியை முடிவு செய்கிறது.

முதலில் நாள்காட்டி

கருவிப்பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் உட்கார்ந்து மூன்று தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, படகு நிற்கும் இடத்தில் வழக்கமாக முதல் கடும் உறைபனி விழும் நாள். சராசரித் தேதியை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் இரண்டு வாரம் முன்னே தள்ளிவையுங்கள். சராசரி என்றால் பாதி ஆண்டுகளில் அதற்கு முன்பே பனி விழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டாவது, வழி அடைபடும் நாள். கால்வாய் வழியாகப் போகிறவர்களுக்கு இது மிக முக்கியம். நியூயார்க் மாநிலத்தின் ஈரி கால்வாய் வழக்கமாக அக்டோபர் நடுவில் மூடி, மே நடுவில்தான் திறக்கும். பிரிட்டனிலும் பிரான்சிலும் லாக் எனப்படும் நீர்மட்டக் கதவுகளைப் பழுதுபார்க்கக் குளிர்கால மாதங்களில் ஒவ்வொரு பகுதியாக நிறுத்திவைப்பார்கள். கடலில் போகிறவர்களுக்கும் இந்தத் தேதி உண்டு. பட்டறையில் படகைத் தூக்கும் கிரேன் எந்த நாள் வரை வேலை செய்யும், காப்பீட்டுப் பத்திரம் எந்த மாதங்களில் படகு கரையில் இருக்க வேண்டும் என்று சொல்கிறது, எந்த அட்சரேகைக்கு அப்பால் போனால் காப்பீடு செல்லாது, இதையெல்லாம் இப்போதே படித்து வையுங்கள்.

மூன்றாவது, போய்ச்சேரும் இடத்தில் புயல் பருவம் முடியும் நாள். வடக்கே குளிர் துரத்துகிறது என்று கிளம்பி, தெற்கே புயலுக்குள் நுழைந்துவிடக் கூடாது. அட்லாண்டிக் சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அமெரிக்காவின் வடகிழக்குக் கரையிலிருந்து கரீபியனுக்குப் போகிற படகுகள் நவம்பர் முடியும்வரை காத்திருந்தால், புறப்படும் இடத்தில் குளிர்காலப் புயல்காற்று ஒன்றன்பின் ஒன்றாக வரத் தொடங்கிவிடும். அதனால் பெரும்பாலோர் நவம்பர் முதல் பாதியில், சூறாவளி அபாயம் குறைந்து குளிர்காலம் இன்னும் வலுக்காத இடைவெளியில் கிளம்புகிறார்கள். தெற்கு அரைக்கோளத்தில் கணக்கு தலைகீழ். தென் பசிபிக் புயல் பருவம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை என்பதால், நியூசிலாந்திலிருந்து வெப்பத் தீவுகளுக்குப் போகிறவர்கள் மே மாதத்தைப் பிடிக்கிறார்கள். அப்போது நியூசிலாந்தில் குளிர் தொடங்கியிருக்கும்.

இந்த மூன்றையும் ஒரே தாளில் எழுதினால் உங்களுக்கு எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பது தெரிந்துவிடும். அந்த இடைவெளியின் கடைசி நாளிலிருந்து, படகை மூடிவைக்கத் தேவைப்படும் நாட்களைப் பின்னோக்கி எண்ணுங்கள். கிரேன் முன்பதிவு, எஞ்சின் வேலை, தண்ணீர்க் குழாய்கள், பாய்களைக் கழற்றுவது எல்லாம் சேர்ந்து, புதியவருக்கு இரண்டு வார இறுதிகள் தாராளமாகப் பிடிக்கும். எண்ணி வந்து நிற்கும் நாள்தான் உங்கள் முடிவு நாள். அன்று வரை நல்ல காற்று கிடைக்கவில்லையென்றால் இந்த ஆண்டு பயணம் இல்லை. கூட வருகிறவர்களிடமும் இந்தத் தேதியை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

குளிர் எங்கே தாக்கும்

தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிகிறது. பூட்டிய இடத்துக்குள் அது விரிந்தால் வார்ப்பிரும்பும் வெண்கலமும்கூடத் தாங்காது. விரிசல் விழும் நேரத்தில் ஒழுகாது என்பதுதான் இதில் மோசமான விஷயம். பனிக்கட்டியே அடைப்பாக நிற்கும். உருகிய பிறகுதான் தண்ணீர் உள்ளே வரத் தொடங்கும். மிதக்கும் படகில் கடல்நீர் வால்வு இப்படி வெடித்திருந்தால், வெயில் அடிக்கும் ஒரு நல்ல நாளில் படகு மூழ்கும்.

சாதாரணக் கடல்நீர் சுமார் மைனஸ் 1.8 பாகை செல்சியஸில்தான் உறைகிறது. அதனால் கடலில் மிதக்கும் படகின் அடிப்பகுதியைச் சுற்றியிருக்கும் நீரே கொஞ்சம் சூடாக வைத்திருக்கும். கரையில் தாங்கிகள் மேல் நிற்கும் படகுக்கு அந்த உதவி இல்லை. நான்கு பக்கமும் குளிர்காற்று படுவதால் அது மிதக்கும் படகைவிட வேகமாகக் குளிரும். 'கரையேற்றியாகிவிட்டது, எஞ்சினை அடுத்த வாரம் பார்க்கலாம்' என்று விட்டுவைக்காதீர்கள். கரையேற்றிய அன்றே, முடிந்தால் அதற்கு முன்பே, தண்ணீர் வேலையை முடிக்க வேண்டும்.

சரி, தண்ணீர் எங்கெல்லாம் இருக்கிறது? படகின் வரைபடம் ஒன்றைக் கையால் போட்டு, தண்ணீர் நிற்கும் ஒவ்வோர் இடத்தையும் குறியுங்கள். எஞ்சின், எக்ஸாஸ்ட் மஃப்ளர், கடல்நீர் வடிகட்டி, குடிநீர்த் தொட்டி, வெந்நீர்க் கொதிகலன், பம்புகள், கழிவறை, குளிக்கும் இடத்தின் வடிகால், நங்கூரம் கழுவும் பம்பு, ஏசி இருந்தால் அதன் குழாய், படகின் அடித்தளத்தில் தேங்கும் பில்ஜ் நீர். முதல் ஆண்டில் இந்தப் படத்துக்காகச் செலவிடும் ஒரு மணிநேரத்தைப் போலப் பயனுள்ளது வேறில்லை. மறந்துபோன ஏதோ ஒரு சிறிய பம்புதான் பெரும்பாலும் வெடிக்கும்.

எஞ்சின்

உள்ளே பொருத்திய டீசல் எஞ்சின் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். முதலில் அது எந்த வகைக் குளிர்விப்பு என்று தெரிந்துகொள்ளுங்கள். சில எஞ்சின்களில் கடல்நீர் நேராக, பிளாக் எனப்படும் எஞ்சினின் உலோக உடலுக்குள் ஓடும். மற்றவற்றில் பிளாக்குக்குள், ஆன்டிஃப்ரீஸ் எனப்படும் உறையாமல் காக்கும் திரவம் கலந்த நன்னீர் மூடிய வட்டமாகச் சுற்றும். கடல்நீர், சூட்டை வாங்கிக்கொள்ளும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் வழியாக அதைக் குளிர்வித்துவிட்டு எக்ஸாஸ்டில் வெளியேறும். இரண்டாவது வகையில் இரண்டு வட்டங்களையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். மூடிய வட்டத்தில் இருக்கும் ஆன்டிஃப்ரீஸின் வலுவை, ரிஃப்ராக்டோமீட்டர் எனப்படும் அளவுக் கருவியில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். பாதிக்குப் பாதி எத்திலீன் கிளைக்கால் கலவை சுமார் மைனஸ் 37 பாகை வரை தாங்கும்.

வேலையின் வரிசை இது. எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். பழைய ஆயிலில் எரிப்பின்போது சேர்ந்த அமிலமும் ஈரமும் இருக்கும். அவை மாதக்கணக்கில் பேரிங்குகளைத் தொட்டுக்கொண்டு நிற்க விடக் கூடாது. வசந்தத்தில் மாற்றிக்கொள்ளலாம் என்று சிலர் விடுவார்கள். என்னைக் கேட்டால் ஆயில் மாற்றுவதற்குச் சரியான காலம் இலையுதிர்காலம்தான். அப்புறம் டீசல் ஃபில்டர்கள், தண்ணீர் பிரிக்கும் கிண்ணம். உலோகத் தொட்டியாக இருந்தால் ஏறக்குறைய நிரப்பி, விரிவதற்குக் கொஞ்சம் இடம் விடுங்கள். காலியான இடத்தில் ஈரக்காற்று குளிர்ந்து நீர்த்துளியாகி டீசலுக்கு அடியில் சேரும். அந்த நீரில்தான் நுண்ணுயிர்கள் வளர்ந்து ஃபில்டரை அடைக்கும். பெட்ரோல் எஞ்சினாக இருந்தால் எரிபொருள் கெடாமல் காக்கும் திரவத்தைச் சேர்த்து, அது கார்புரேட்டர் வரை போய்ச் சேரும்படி பத்து நிமிடம் ஓட்டுங்கள்.

இனிக் கடல்நீர் வட்டம். படகின் உடலில் இருக்கும் சீகாக் எனப்படும் வால்வை மூடுங்கள். வடிகட்டியைத் திறந்து சுத்தம் செய்து, பம்புக்குப் போகும் குழாயைக் கழற்றி, புரொப்பிலீன் கிளைக்கால் ஆன்டிஃப்ரீஸ் நிறைந்த வாளியில் போடுங்கள். ஒருவர் எஞ்சினை இயக்க, இன்னொருவர் வாளியைப் பார்த்துக்கொண்டே ஊற்ற வேண்டும். பின்பக்கத்தில் எக்ஸாஸ்டிலிருந்து நிறம் மாறாத ஆன்டிஃப்ரீஸ் வரத் தொடங்கியதும் நிறுத்துங்கள். வாளி காலியாகி எஞ்சின் உலர்ந்து ஓடினால் பம்புக்குள் சுழன்று நீரைத் தள்ளும் ரப்பர் சக்கரமான இம்பெல்லர் கெட்டுவிடும்.

இங்கே புதியவர்களுக்குத் தெரியாத இரண்டு விஷயங்கள் உண்டு. கடல்நீர் நேராகப் பிளாக்குக்குள் ஓடும் எஞ்சினில், தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடானால்தான் திறக்கும் வால்வு) மூடியிருக்கும்வரை நீங்கள் ஊற்றுவது பிளாக்குக்குள் போகாமல் சுற்றிக்கொண்டு வெளியே வந்துவிடும். பின்னால் நிறம் வருகிறதே என்று திருப்திப்படுவீர்கள். உள்ளே வெறும் தண்ணீர் நின்றுகொண்டிருக்கும். அதனால் முதலில் பிளாக்கின் வடிகால் திருகுகளைக் கழற்றி நீரை இறக்குங்கள். திருகைக் கழற்றியும் ஒன்றும் வரவில்லையென்றால் நீர் இல்லை என்று முடிவு கட்டாமல், கம்பியை விட்டுக் குத்திப் பாருங்கள். துருவும் உப்பும் சேர்ந்து துளையை அடைத்திருக்கும். இரண்டாவது, ஆன்டிஃப்ரீஸ் கேனில் பெரிதாக அச்சிட்டிருக்கும் வெப்பநிலை. அது பெரும்பாலும் குழாய் வெடிக்காமல் தாங்கும் எல்லையைத்தான் சொல்கிறது. அதற்கு வெகு முன்பே அந்தத் திரவம் கூழாகத் தொடங்கும். உள்ளே தங்கியிருக்கும் நீரோடு கலந்தால் இன்னும் வலுவிழக்கும். எக்ஸாஸ்டில் வெளிவருவதைப் பிடித்து ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்தால் உண்மை தெரியும்.

கடைசியாக இம்பெல்லரைக் கழற்றி வையுங்கள். மாதக்கணக்கில் ஒரே நிலையில் மடங்கிக் கிடந்தால் அதன் இறக்கைகள் அப்படியே வளைந்து நின்றுவிடும். கழற்றியதும் ஒரு சீட்டில் 'இம்பெல்லர் இல்லை, சீகாக் மூடியிருக்கிறது' என்று எழுதிச் சாவியோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள்.

வெளியே தொங்கும் அவுட்போர்டு எஞ்சினுக்கு வேலை குறைவு. நன்னீரில் கழுவி, நேராக நிமிர்த்தி நிறுத்தினால் தண்ணீர் தானாக வடிந்துவிடும். கியர் ஆயிலை மட்டும் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். பால் நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் நுழைந்திருக்கிறது. அப்படியே விட்டால் உறைந்து கியர் உறையைப் பிளக்கும்.

தண்ணீர்க் குழாய்கள், பேட்டரி, மற்றவை

குடிநீர்த் தொட்டியைக் காலி செய்து, வெந்நீர்க் கொதிகலனை வடித்து, அதைச் சுற்றிப் போகும்படி குழாயை இணைத்துவிட்டு, மிச்சமுள்ள குழாய்களில் புரொப்பிலீன் கிளைக்காலை ஓட்டுங்கள். வெந்நீர், குளிர்ந்த நீர் இரண்டு குழாயிலும் நிறம் வர வேண்டும். வாகனங்களுக்குப் பயன்படும் எத்திலீன் கிளைக்கால் விஷம். அதைக் குடிநீர்க் குழாயில் எந்தக் காரணத்துக்காகவும் விடாதீர்கள். கழிவறைப் பம்பிலும் குளியல் வடிகாலிலும் அதே புரொப்பிலீன் கலவையை ஊற்றி ஓட்டுங்கள்.

சீகாக்குகளை என்ன செய்வது என்று பலர் குழம்புகிறார்கள். படகு மிதக்கிறது என்றால், மேல்தள வடிகால்களைத் தவிர எல்லாவற்றையும் மூடுங்கள். கரையில் நிற்கிறது என்றால் எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். உருண்டை வடிவ அடைப்பு உள்ள பால் வால்வுகளை மூடும்போது அந்த உருண்டையின் துளைக்குள் கொஞ்சம் தண்ணீர் சிறைப்படும். கரையில் அவற்றைச் சில முறை திறந்து மூடி, பாதி திறந்த நிலையில் வடியவிட்டு, பிறகு முழுக்கத் திறந்து வையுங்கள்.

ஈய-அமில பேட்டரி முழு மின்னேற்றத்தில் இருந்தால் மைனஸ் 50 பாகைக்கும் கீழேதான் உறையும். காலியாகக் கிடந்தால் மைனஸ் 10 பாகைக்கு முன்பே உறையலாம். எனவே நிரப்பி, இணைப்பைக் கழற்றி, மாதம் ஒருமுறை வோல்ட் பாருங்கள். ஓய்வில் 12.6-க்கு மேல் இருந்தால் கவலையில்லை. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியை பூஜ்யம் பாகைக்குக் கீழே சார்ஜ் செய்யவே கூடாது. சூரியத் தகடு தானாகச் சார்ஜ் செய்துவிடும் என்று விட்டுப் போகிறவர்கள், குளிரில் சார்ஜை நிறுத்தும் வசதி தங்கள் பேட்டரியில் உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பாய்களைக் கழற்றிவிடுங்கள். சுருட்டிக் கட்டிய முன்பாயும் குளிர்காலப் புயலில் அவிழ்ந்துகொள்ளும். அவிழ்ந்தால் பாய்மரத்தையே ஆட்டிவிடும். மேல்தளத்தை மூடும் தார்ப்பாயில் காற்று போய்வர வழி இருக்கட்டும். அலமாரிக் கதவுகளையும் மெத்தைகளையும் திறந்தும் நிமிர்த்தியும் வைத்தால் பூஞ்சை குறையும்.

துறையில் மிதக்கவிடுகிறவர்களுக்கு இன்னொரு கவலை பனியின் எடை. மேல்தளத்தில் குவியும் பனி படகைத் தாழ்த்தும். வழக்கமாக நீருக்கு மேலே இருக்கும் வடிகால் துளைகள் நீருக்கு அடியில் போய், அவற்றின் வழியே நீர் உள்ளே வரும். இலையும் பனியும் அடைக்காதபடி வடிகால்களைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். கட்டுக்கயிறுகளை இரட்டிப்பாக்கி, உராயும் இடங்களில் தடித்த குழாயோ துணியோ சுற்றுங்கள். நைலான் கயிறு நீண்டு கொடுப்பதால் படகுக்கு அதிர்ச்சி குறையும். ஆனால் நீளும்போதுதான் உராய்ந்து அறுபடவும் செய்யும்.

கிளம்புகிறவர்களுக்கு: படகில் என்ன மாற வேண்டும்

கோடையில் ஓடிய அதே படகு குளிரில் அப்படியே ஓடாது. கோடை டீசலில் உள்ள மெழுகு குளிரில் திரிந்து ஃபில்டரை அடைக்கும். கோடையில் வாங்கியது தொட்டியில் மிச்சம் இருந்தால் குளிர்கால டீசலைக் கலந்து எடுத்துக்கொள்ளுங்கள். மாற்று ஃபில்டர்கள் நிறைய வேண்டும். பியூட்டேன் வாயு மைனஸ் அரை பாகைக்குக் கீழே ஆவியாகாது. அடுப்புக்குப் புரொப்பேன் சிலிண்டர் வேண்டும். அது மைனஸ் 42 பாகை வரை ஆவியாகும்.

சூடுபடுத்தும் கருவியைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். குளிருக்குப் பயந்து எல்லாத் துவாரங்களையும் அடைத்துவிட்டு அடுப்பை எரியவிடுவது உயிரைக் குடிக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி வந்து, தூக்கம் வந்து, அப்புறம் எழுந்திருக்கவே முடியாது. புகை வெளியே போகும் குழாய் பொருத்திய ஹீட்டரை மட்டும் பயன்படுத்துங்கள். அதன் குழாயைப் பனி அடைக்காமல் பாருங்கள். எச்சரிக்கைக் கருவியைத் தூங்கும் இடத்துக்கு அருகில் மாட்டி, பேட்டரியைச் சோதித்துவிட்டுக் கிளம்புங்கள்.

தண்ணீரில் விழுவதைப் பற்றிய கணக்கும் மாறுகிறது. 15 பாகைக்குக் கீழான நீரில் விழுந்தவர் நீச்சல் வீரராக இருந்தாலும், முதல் நிமிடம் மூச்சை அடக்க முடியாமல் திணறுவார். அந்த நேரத்தில் தலை நீருக்குள் போனால் நீரை உறிஞ்சிவிடுவார். உறைநிலையை ஒட்டிய நீரில் மூச்சு சீராவதற்கு ஒரு நிமிடம், கைகால்கள் பயன்படும்படி இருப்பது சுமார் பத்து நிமிடம், உடல் குளிர்ந்து நினைவு தப்புவதற்குச் சுமார் ஒரு மணிநேரம் என்று பயிற்சிகளில் சொல்லித் தருகிறார்கள். பத்து நிமிடத்துக்குப் பிறகு கயிற்றை எறிந்தாலும் அவரால் பிடிக்க முடியாது. ஆகவே மேல்தளத்துக்கு வரும் ஒவ்வொருவரும், துறையில் கட்டியிருக்கும்போதுகூட, லைஃப் ஜாக்கெட் போட வேண்டும். ஓடும்போது பாதுகாப்புப் பட்டையில் கொக்கியை மாட்டிக்கொள்ள வேண்டும். ஏணி, தண்ணீரில் இருப்பவர் தானே இழுத்து இறக்கும்படி இருக்க வேண்டும். உள்ளாடைக்குப் பருத்தி வேண்டாம். நனைந்தால் அது உடல்சூட்டை இழுத்துவிடும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு காக்கும்.

காற்றைப் படிப்பது

குளிர்காற்று அடர்த்தியானது. பூஜ்யம் பாகையில் இருக்கும் காற்று, 25 பாகைக் காற்றைவிடச் சுமார் 9 சதவீதம் கனமானது. முன்னறிவிப்பில் அதே 25 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) என்று போட்டிருந்தாலும் பாயில் விழும் தள்ளுவிசை கோடையைவிட அதிகம். வேகம் இரட்டிப்பானால் விசை நான்கு மடங்காகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதனால் கோடையில் நீங்கள் தாங்கிய அளவைக் குளிர்காலத்தின் எல்லையாக வைக்காமல், ஒரு படி குறைத்து வையுங்கள்.

நடு அட்சரேகைகளில் குளிர்கால வானிலை, தொடர்ந்து வந்துகொண்டிருக்கும் குளிர்முகப்புகளின், அதாவது முன்னேறி வரும் குளிர்காற்றுத் திரள்களின் முன்விளிம்புகளின், வரிசை. வட அரைக்கோளத்தில் முகப்பு வருவதற்கு முன் காற்று தெற்கு அல்லது தென்மேற்கிலிருந்து வீசும், காற்றழுத்தம் இறங்கும். முகப்பு கடந்ததும் காற்று வடமேற்குக்குத் தாவி, குளிர்ந்து, விட்டுவிட்டு வேகமாக அடிக்கும். அழுத்தம் ஏறும். தெற்கு அரைக்கோளத்தில் முன்னால் வடமேற்கு, பின்னால் தென்மேற்கு. இரண்டு முகப்புகளுக்கு நடுவில் கிடைக்கும் அமைதிதான் நீங்கள் ஓடக்கூடிய நேரம். கோடையில் அது வாரக்கணக்கில் நீளும். குளிர்காலத்தில் ஓரிரு நாளில் முடிந்துவிடும். அந்த ஓரிரு நாளுக்குள் முடிகிற துண்டுகளாகப் பயணத்தை வெட்டிக்கொள்ளுங்கள்.

காற்றின் வேகத்தை மட்டும் பார்த்தால் போதாது, திசையையும் நீரோட்டத்தையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும். புளோரிடாவுக்கும் பஹாமாஸுக்கும் நடுவில் கல்ஃப் ஸ்ட்ரீம் நீரோட்டம் வடக்கு நோக்கி ஓடுகிறது. அதற்கு எதிராக வாடைக்காற்று அடித்தால் அலைகள் செங்குத்தாக எழும். 15 நாட் காற்றுகூடச் சிறு படகுக்கு ஆபத்தாகிவிடும். அங்கே கடப்பவர்கள் முகப்பு கடந்தபின் வடக்குக் காற்று தணிந்து, கிழக்கு, தென்கிழக்கு என்று திரும்பிவரும்வரை காத்திருப்பது இதனால்தான். உங்கள் வழியில் ஆற்றுமுகமோ ஓதநீரோட்டமோ இருந்தால் இதே விதிதான்.

முன்னறிவிப்பைப் பார்க்க ஒரு வரிசையைப் பழகிக்கொள்ளுங்கள். பத்து நாள் முன்னால் பெரிய உருவத்தை மட்டும் பாருங்கள்: எங்கே காற்றழுத்தத் தாழ்வு, எங்கே உயர்வு, முகப்புகள் எத்தனை நாளுக்கு ஒன்று வருகின்றன. அந்தத் தூரத்தில் மணிநேரக் கணக்கை நம்பிக் கிளம்பும் நாளைக் குறிக்காதீர்கள். நான்கு நாள் முன்னால் அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ், ஐரோப்பாவின் இசிஎம்டபிள்யூஎஃப் ஆகிய இரண்டு கணினி மாதிரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் ஒன்றுபோலச் சொன்னால் நம்பிக்கை கூடும். முரண்பட்டால் மோசமானதை எடுத்துக்கொண்டு அடுத்த பதிப்புக்காகக் காத்திருங்கள். ஜிஎஃப்எஸ் ஆறு மணிநேரத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. கடைசி 24 மணிநேரத்துக்கு, அந்தக் கடற்பகுதிக்கென மனிதர்கள் எழுதும் கடல் வானிலை அறிக்கையைப் படியுங்கள். முகப்பின் ஓரத்தில் வரும் திடீர் வீச்சுகளை மாதிரிப் படங்கள் சரியாகக் காட்டுவதில்லை. அறிக்கையில் வரும் காற்றின் வேகம் சராசரி. இடையிடையே வரும் வீச்சு அதைவிட 40 சதவீதம் வரை கூடலாம். அலையின் உயரமும் அப்படித்தான். சொல்லப்படுவது உயர்ந்த மூன்றிலொரு பங்கு அலைகளின் சராசரி. தனி அலை ஒன்று அதைப் போல இரு மடங்கு வரலாம்.

உங்கள் எல்லையைக் கரையில் இருக்கும்போதே தாளில் எழுதி ஒட்டுங்கள். புதியவருக்கு என் பரிந்துரை, எதிர்க்காற்று என்றால் 15 நாட், பின்காற்று என்றால் 20 நாட். காற்றின் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே போய்ப் பலமான காற்றும் இருந்தால், வேகம் எல்லைக்குள் இருந்தாலும் கிளம்பாதீர்கள். தெறிக்கும் நீர் மேல்தளத்திலும் கம்பிகளிலும் உறைந்து ஏறும். மேலே எடை கூடக் கூடப் படகு கவிழும் தன்மை பெறும்.

நாள் குறுகுகிறது, துறைகள் மூடுகின்றன

டிசம்பர் கடைசியில் வடக்கு 40 பாகை அட்சரேகையில் பகல் ஒன்பதேகால் மணிநேரம், 50 பாகையில் எட்டு மணிநேரம், 60 பாகையில் ஆறு மணிநேரம்கூட இல்லை. ஐந்து நாட் வேகத்தில் எட்டு மணிநேரம் ஓடினால் 40 கடல் மைல். விடிந்தபின் கட்டவிழ்க்க ஒரு மணிநேரம், இருட்டுமுன் நங்கூரமிட ஒரு மணிநேரம் என்று ஒதுக்கினால் மிஞ்சுவது 30 கடல் மைல்தான். கோடையில் போட்ட தூரத்தைக் குளிர்காலத் திட்டத்தில் அப்படியே எழுதாதீர்கள்.

ஒவ்வொரு துண்டுக்கும் நடுவழியில் ஒதுங்கக்கூடிய துறை ஒன்றாவது வேண்டும். அது எந்தக் காற்றில் நுழையத் தக்கது என்பதையும் எழுதி வையுங்கள். வாயில் மணல்திட்டு உள்ள துறை, கடலிலிருந்து கரை நோக்கிக் காற்று அடிக்கும்போது அடைக்கலமே கிடையாது. அப்புறம் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேளுங்கள். குளிர்காலத்தில் பல மெரீனாக்களில் மேடைத் தண்ணீர்க் குழாயை நிறுத்திவிடுவார்கள். எரிபொருள் நிலையம் வாரத்தில் சில நாள் மட்டும் திறக்கும். திறப்புப் பாலங்களுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டியிருக்கும். இணையத்தில் இருப்பது கோடை நேரமாக இருக்கலாம்.

கூட வருகிறவர்களுக்கு இடத்தையோ தேதியையோ ஒன்றை மட்டும் வாக்களியுங்கள். குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட துறைக்கு வருவதாகச் சொல்லி ஒருவர் விமான டிக்கெட் எடுத்துவிட்டால், அந்த டிக்கெட் உங்களை மோசமான காற்றில் கடலுக்குத் தள்ளும். 'இந்த நாளில் எங்கே இருக்கிறோமோ அங்கே வாருங்கள்' என்று சொன்னால் சிக்கல் இல்லை.

நடுவழியில் படகை விட்டுவிடுவதற்கும் தயாராக இருங்கள். வழியில் எந்தப் பட்டறைகளில் கரையேற்றலாம், எங்கே இடம் இருக்கிறது என்பதைக் கிளம்பும் முன்பே விசாரித்துப் பட்டியலிடுங்கள். பாதித் தூரத்தில் நிறுத்திவிட்டு வசந்தத்தில் தொடர்வது நல்ல மாலுமிகள் எடுக்கும் சாதாரண முடிவு. அதற்காகவே புரொப்பிலீன் கிளைக்கால் கேன்களையும், எஞ்சின் ஆயிலையும், ரிஃப்ராக்டோமீட்டரையும் படகிலேயே ஏற்றிக்கொள்ள வேண்டும்.

வழியில் இரவு உறைபனி என்று அறிவிப்பு வந்தால், அன்று மாலையே குடிநீர்ப் பம்பை நிறுத்திக் குழாய்களை வடித்துவிட்டு, குடிக்கவும் சமைக்கவும் கேன்களில் நீர் வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் அறைக் கதவைத் திறந்துவைத்தால் அறையின் சூடு உள்ளே போகும். கடும் குளிர் என்றால் எஞ்சினை நிறுத்துவதற்கு முன் கடல்நீர் வட்டத்தில் ஆன்டிஃப்ரீஸை ஓட்டிவிடுங்கள். அதைப் பிடித்து வைக்க வசதி இருந்தால் காலையில் வீணாகாது. விடிந்ததும் சீகாக்கைத் திறந்த பிறகுதான் எஞ்சினைத் தொட வேண்டும். மேல்தளத்தில் கண்ணாடிபோல் பனி படர்ந்திருந்தால் கடல்நீரை வாளியில் மொண்டு ஊற்றுங்கள். அது பனியைக் கரைத்துவிடும். நன்னீரை ஊற்றினால் அது உறைந்து இன்னும் வழுக்கும். கொக்கியை மாட்டிக்கொண்டுதான் கட்டவிழ்க்கப் போக வேண்டும். கரையில் இருக்கும் ஒருவருக்கு அன்றைய துறையையும், மாற்றுத் துறையையும், எத்தனை மணிக்குள் செய்தி வராவிட்டால் கடலோரக் காவல் படையைக் கூப்பிட வேண்டும் என்பதையும் அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள். வழியில் துறையை மாற்றினால் உடனே அதையும் தெரிவியுங்கள்.